சூரியத் துகள்களின் வளைந்த பாதை



சூரியன் நமக்கு ஒளியும் வெப்பமும் தருவதை அறிவோம். அங்கே பெரும் வெடிப்பு நிகழும்போது புரோட்டான், எலக்ட்ரான் போன்ற மின்னூட்டம் பெற்ற துகள்களும் மிகுந்த வேகத்துடன் புறப்படுகின்றன. ஒளி 15 கோடி கிலோமீட்டரை நேர்கோட்டில் கடந்து சுமார் 8 நிமிடங்களில் நம்மை அடைகிறது. இத்துகள்களோ வளைந்த பாதையில் வருகின்றன. ஏன்?

சூரியனிலிருந்து எந்நேரமும் 'சூரியக் காற்று' வீசுகிறது. வினாடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் அது, சூரியனின் காந்தப் புலத்தையும் உடன் இழுத்துச் செல்கிறது. சூரியனோ தன்னைத்தானே சுற்றுகிறது. பூமியிலிருந்து பார்த்தால் ஒரு சுற்றுக்குச் சுமார் 27 நாட்கள். தீபாவளிச் சங்குசக்கரத்தை நினைத்துப் பாருங்கள்! ஒவ்வொரு பொறியும் நேராகவே பாய்கிறது. சக்கரம் சுழல்வதால் பொறிகளின் வரிசை வளைந்து தெரிகிறது. அவ்வாறே காந்தக் கோடுகளும் சுருள் வடிவம் பெறுகின்றன. இதை 1958-இல் விளக்கியவர் அமெரிக்க விஞ்ஞானி யூஜின் பார்க்கர்.

மின்னூட்டம் பெற்ற துகள் காந்தக் கோட்டை எளிதில் விட்டு விலகாது. கொழுகொம்பைச் சுற்றும் அவரைக்கொடி போல, கோட்டைச் சுற்றிச் சுற்றியே முன்னேறும். வழியில் காந்தப் புலம் ஒழுங்கற்றிருக்கும் இடங்களில் சிதறவும் செய்யும். ஆகவே சில துகள்கள் முந்தியும், சில பல மணி நேரம் பிந்தியும் வருகின்றன.

பூமியைத் தொடும் காந்தக் கோடு பெரும்பாலும் சூரியனின் மேற்குப் பகுதியிலிருந்து புறப்படுகிறது. எனவே நமக்கு நேர் எதிரே நிகழும் வெடிப்பைவிட, மேற்கில் நிகழும் வெடிப்பின் துகள்களே பொதுவாக விரைந்து வருகின்றன. 2005 ஜனவரி 20 அன்று அவ்வாறு வந்த துகள்கள் அரை மணி நேரத்திற்குள் பூமியை எட்டின.

பூமியில் வாழும் நம்மைக் காற்று மண்டலமும் பூமியின் காந்தப் புலமும் காக்கின்றன. நிலவில் இந்த இரு கவசங்களும் இல்லை. 1972 ஏப்ரலில் அப்பல்லோ 16, டிசம்பரில் அப்பல்லோ 17 நிலவுக்குச் சென்றன. இடையே ஆகஸ்டு மாதத்தில் மிகக் கடுமையான துகள் புயல் வீசியது! அப்போது நிலவில் எவராவது நடந்துகொண்டிருந்தால் கதிர்வீச்சால் நோயுற்றிருப்பார்.

2023-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நம் நாட்டின் ஆதித்யா-எல்1, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று இத்துகள்களை ஆராயும் பணியை ஏற்றது. துகள்கள் வரும் வழியை நன்கு அறிந்தால், நாளை விண்வெளி செல்வோரை முன்கூட்டியே எச்சரிக்கலாம். அவர்களுள் நம் தோழியர் சிலரும் இருக்கலாம் அல்லவா?

— பத்தாம் வகுப்பு மாணவி