முதல் நாள் குடித்தாலும் மறுநாள் பிடிபடும்!

காரைக்கால் பகுதியில், திருமலைராயன்பட்டினத்துக்கு அருகில் உள்ள ஊர் போலகம். அந்த வழியாக லாரி ஓட்டிச் செல்லும் டிரைவர் குடித்திருந்தால் என்ன ஆகும்?

போலீசார் நிறுத்துவார்கள். குழாயில் ஊதச் சொல்வார்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் சாராயச் சத்து இருந்தால் வழக்குதான். முதல் தடவை என்றால் 10 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம். 2019-ல் திருத்தப்பட்ட சட்டம் இது.

அந்த 30 மில்லிகிராம் சலுகைகூட விமானிக்குக் கிடையாது. அவர் ஊதினால் கருவி பூஜ்யம்தான் காட்ட வேண்டும்!

12 மணி நேரம்

விமானம் புறப்படுவதற்கு முந்திய 12 மணி நேரத்தில் விமானி மதுவைத் தொடக் கூடாது. இது இந்திய விமான விதி. 12 மணி கழிந்தாலும் மூச்சில் மிச்சம் இருந்தால் குற்றமே.

"தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும்" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. குடித்த சாராயத்தைக் கரைப்பது கல்லீரல். அது தன் வேகத்தில்தான் வேலை செய்யும். கட்டிக் காப்பி குடித்தாலும், தலையில் தண்ணீர் ஊற்றினாலும் அந்த வேகம் கூடாது. இரவில் நிறையக் குடித்தவரின் ரத்தத்தில் காலையிலும் அது இருக்கும்.

லாரியை ஓரமாக நிறுத்தலாம். ஆகாயத்தில் ஓரம் ஏது?

மூன்று படிகள்

சோதனையில் முதல் முறை பிடிபட்டால் 3 மாதம் லைசென்சு நிறுத்தம். இரண்டாம் முறை 3 ஆண்டு. மூன்றாம் முறை லைசென்சே ரத்து. ஊத மறுத்தாலும் குடித்ததாகவே கொள்ளப்படும்.

பறந்தால்தான் விமானிக்குப் பிழைப்பு. லைசென்சு போனால் வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்பும் தவிக்கும்.

பெரிய பதவியும் காப்பாற்றாது. 2018 நவம்பரில் டில்லியிலிருந்து லண்டனுக்கு விமானம் ஓட்ட வந்தார் ஒருவர். அவர் ஏர் இந்தியாவில் விமானிகளுக்கெல்லாம் மேலான இயக்குநர்! இரண்டு முறை ஊதியும் தேறவில்லை. 2017-ல் சோதனைக்கு வராததற்காக ஏற்கெனவே 3 மாதம் லைசென்சு நிறுத்தப்பட்டவர் அவர். இம்முறை 3 ஆண்டு நிறுத்தினார்கள். இயக்குநர் பதவியும் போயிற்று.

வாசனை காட்டிக் கொடுத்தது

அதற்குச் சில நாட்களுக்கு முன், லண்டனில் ஜப்பான் துணை விமானி ஒருவர் சிக்கினார். அவரை ஏற்றி வந்த வண்டியின் டிரைவருக்கு மது வாடை அடித்தது. உடனே தகவல் கொடுத்துவிட்டார். விமானிக்கு 10 மாதச் சிறை!

அமெரிக்காவில் விமானி தம் சொந்தக் காரைக் குடித்துவிட்டு ஓட்டித் தண்டனை பெற்றாலும், 60 நாளுக்குள் விமானத் துறைக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் விமானி லைசென்சுக்கே ஆபத்து. 3 ஆண்டுக்குள் இரண்டு முறை அப்படி நடந்தாலும் ஆபத்துதான்.

விழுந்தவர் எழுந்தார்

1990 மார்ச்சில், முதல் நாள் இரவு குடித்துவிட்டு மறுநாள் காலை பயணிகளோடு பறந்தார்கள் மூன்று அமெரிக்க விமானிகள். தரை இறங்கியதும் கைதானார்கள். தலைமை விமானிக்கு 16 மாதச் சிறைத் தண்டனை. லைசென்சும் வேலையும் பறிபோயின.

அவர் குடியை அடியோடு விட்டார். விமானம் ஓட்டும் பரீட்சைகளை மறுபடி முதலிலிருந்து எழுதித் தேறினார். பழைய கம்பெனியே அவரை மீண்டும் வேலைக்கு எடுத்தது. ஜம்போ விமானத்தின் தலைமை விமானியாக இருந்து ஓய்வு பெற்றார். 2001-ல் ஜனாதிபதி கிளிண்டன் அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

ஓர் இரவில் இழந்ததைத் திரும்பப் பெற அவருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. குடிக்காமலே இருந்திருந்தால் அந்த ஆண்டுகள் அவர் குடும்பத்துக்கு மிச்சம்!