கண்ணழுத்தத்தைத் தொடர்ந்து அளக்கும் தொடுவில்லை உணரிகள்: அளவீடும் தமிழ்நாட்டுச் சூழலும்

ஆய்வுச்சுருக்கம்

கிளாக்கோமா எனப்படும் கண்ணழுத்த நோய் பார்வை நரம்பைச் சிதைத்து, மீட்க இயலாத பார்வை இழப்பை உண்டாக்குகிறது. பகற்பொழுதில் மருத்துவமனையில் எடுக்கப்படும் ஒற்றை அளவீடு நோயாளியின் கண்ணழுத்தத்தை முழுமையாகக் காட்டுவதில்லை. இக்குறையை நீக்க உருவான தொடுவில்லை உணரிகள் எதை அளக்கின்றன, எதை அளப்பதில்லை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. காரைக்குடி, மதுரை ஆகிய ஊர்களின் நிறுவனங்களை முன்வைத்து, தமிழ்நாட்டில் இத்தொழில்நுட்பம் பெறத்தக்க இடத்தையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கண்ணழுத்த நோய், தொடுவில்லை, உணரி, திரிபு அளவி, காரைக்குடி, கலைச்சொல்

முன்னுரை

கண்ணின் முன்பகுதியில் நீர்மம் இடையறாது சுரந்து வடிகிறது. சுரப்புக்கும் வடிதலுக்கும் இடையிலான சமநிலையே கண்ணழுத்தத்தை முடிவு செய்கிறது. 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இயல்பான அளவாகக் கொள்ளப்படுகிறது. வடிகால் தடைப்பட்டால் அழுத்தம் உயர்ந்து, பார்வை நரம்பிழைகள் மெல்ல அழிகின்றன. பெரும்பாலும் வலியின்றி, ஓரப்பார்வையிலிருந்து இழப்புத் தொடங்குவதால் நோயாளி அதனை உணர்வதில்லை. அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆய்வு தென் தமிழகக் கிராமப்புறங்களில் 40 வயதும் அதற்கு மேலும் உடைய 5150 பேரைப் பரிசோதித்தது. 2003இல் வெளியான அதன் முடிவுகள் நோயின் பரவல் 2.6 விழுக்காடு எனக் காட்டின. முதன்மைத் திறந்த கோண வகை நோய் உடையோருள் 93 விழுக்காட்டினருக்கு அதற்கு முன்னர் நோய் கண்டறியப்படவே இல்லை.

பெயர் தரும் மயக்கம்

‘கண்ணழுத்த நோய்’ என்னும் தமிழ்ப்பெயர் அழுத்தத்தையே நோயாகக் கருத வைக்கிறது. நோயோ பார்வை நரம்பைச் சார்ந்தது. அழுத்தம் அதன் முதன்மையான இடர்க்காரணி. 2004இல் வெளியான ஜப்பானின் தாஜிமி ஆய்வில், முதன்மைத் திறந்த கோண வகை நோய் உடையோருள் 92 விழுக்காட்டினரின் அழுத்தம் 21 மி.மீ. அளவிலோ அதற்குக் கீழோ இருந்தது. இதற்கு இரு விளக்கங்கள் கூறலாம். சிலரின் நரம்பு இயல்பான அழுத்தத்தையும் தாங்க வல்லதாக இல்லை என்பது ஒன்று. அளக்கப்பட்ட வேளையில் மட்டுமே அழுத்தம் இயல்பாக இருந்தது என்பது மற்றொன்று.

இரண்டாவது விளக்கம் அளவீட்டு முறையைக் கேள்விக்கு உட்படுத்துகிறது. இன்றும் அளவுகோலாகக் கொள்ளப்படும் கோல்ட்மன் கருவி, கார்னியா எனப்படும் விழிவெண்படலத்தில் 3.06 மி.மீ. விட்டமுள்ள பரப்பைத் தட்டையாக்கத் தேவைப்படும் விசையைக் கொண்டு அழுத்தத்தைக் கணக்கிடுகிறது. அது ஒரு கணத்தின் அளவு. கண்ணழுத்தமோ நாள் முழுதும் மாறுவது, படுத்திருக்கும்போது உயர்வது. பலருக்கு அதன் உச்சம் மருத்துவமனை நேரத்திற்கு வெளியே, இரவிலோ விடியலிலோ அமைகிறது.

தொடுவில்லை உணரியின் இயக்கம்

அழுத்தம் உயர்ந்தால் விழிவெண்படலத்தின் வளைவு மிகச் சிறிதளவு மாறுகிறது. 1 மி.மீ. பாதரச மாற்றத்திற்கு வளைவு ஆரம் ஏறத்தாழ 3 மைக்ரோமீட்டர் மாறும் எனக் கொள்ளப்படுகிறது. சுவிட்சர்லாந்தின் சென்சிமெட் நிறுவனம் உருவாக்கிய டிரிகர்ஃபிஷ் இக்கொள்கையில் இயங்குகிறது. மென்மையான சிலிக்கோன் வில்லையினுள் பிளாட்டினம்–டைட்டானியம் திரிபு அளவி பதிக்கப்பட்டுள்ளது. வில்லை நீளும்போது அதன் மின்தடை மாறுகிறது. வில்லையினுள் மின்கலம் இல்லை. கண்ணைச் சுற்றி ஒட்டப்படும் அலைவாங்கி கம்பியின்றி ஆற்றலை அளித்து, தரவைப் பெற்று, நோயாளி அணிந்திருக்கும் பதிவுக்கருவிக்கு அனுப்புகிறது. 5 நிமிடத்திற்கு ஒருமுறை 30 வினாடிகள் வீதம் 24 மணி நேரத்தில் 288 பதிவுகள் கிடைக்கின்றன. உறக்கத்தின்போதும் பதிவு தொடர்கிறது.

இக்கருவியின் எல்லை இங்கே கருதத்தக்கது. அதன் வெளியீடு மி.மீ. பாதரசத்தில் அன்றி மில்லிவோல்ட் அளவில் அமைகிறது. அஃது அழுத்தத்தின் ஏற்ற இறக்க வடிவத்தைக் காட்டுகிறதே தவிர, அழுத்தத்தின் அளவைக் கூறுவதில்லை. 2016 மார்ச்சில் இசைவளித்த அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமும் அதன் பயனை இவ்வாறே வரையறுத்தது: வழக்கமான கருவியால் அழுத்தத்தை அளக்க ஏற்ற நேரத்தைக் கண்டறிய உதவுவது.

மறைமுக அளவீட்டின் இடரை மற்றொரு வில்லையும் உணர்த்தியது. கண்ணீரிலுள்ள குளுக்கோசை மின்வேதியியல் முறையில் அளக்கும் வில்லையைக் கூகுள் 2014இல் அறிவித்தது. கண்ணீர்க் குளுக்கோசுக்கும் இரத்தக் குளுக்கோசுக்கும் இடையே நம்பத்தக்க தொடர்பு கிடைக்காமையால் 2018இல் அத்திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது.

காரைக்குடியும் மதுரையும்

வில்லை உணரிகளின் அடிப்படைச் சிக்கல்கள் பல மின்வேதியியல் சார்ந்தவை. கண்ணீர் ஓர் உப்புக் கரைசல். அதனைத் தொடும் மின்முனை அரிப்புறலாகாது. நுண்ணிய ஆற்றல் மூலமும் தேவை. மின்முனை, அரிப்பு, மின்கலம் ஆகிய மூன்றும் காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தின் துறைகளாகும். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டிய நிறுவனம் அது. 1953 ஜனவரி 14 அன்று சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் அதனைத் திறந்துவைத்தார்.

கண்மருத்துவத் தேவையையும் உற்பத்தித் திறனையும் மதுரை தருகிறது. 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்து, 1992இல் ஆரோலேப் நிறுவப்பட்டது. இறக்குமதியால் விலை மிகுந்திருந்த கண்ணக வில்லையை எளியோர்க்கும் எட்டும் விலையில் அது உருவாக்கியது. கண்ணழுத்த நோய்க்கான நீர்வடிகால் பொருத்தியையும் பின்னர் தயாரித்தது. மின்வேதியியல் ஆய்வும் மருத்துவப் பொருள் உற்பத்தியும் அண்டை மாவட்டங்களில் அமைந்திருப்பது, இவற்றை இணைக்கும் கூட்டாய்வுக்கு இடமளிக்கிறது.

முடிவுரை

நோயுற்றோருள் மிகப் பெரும்பாலோர் கண்டறியப்படாத சூழலில், தமிழ்நாட்டின் முதல் தேவை பார்வை நரம்புப் பரிசோதனையே. விலைமிகுந்த உணரி அதற்கு மாற்றாகாது. சிகிச்சை பெற்று, மருத்துவமனை அளவீடு இயல்பாக இருந்தும் பார்வை குறைந்துவரும் நோயாளிக்கே அது முதன்மையாகப் பயன்படும். மருந்தின் வேளையை மாற்றுவதா, அறுவை சிகிச்சை செய்வதா என்னும் முடிவுக்கு அப்பதிவு துணைசெய்யக்கூடும். பாடநூல்களிலும் விழிப்புணர்வு நூல்களிலும் ‘கண்ணழுத்த நோய்’ என்னும் சொல் இடம்பெறும்போது, அது பார்வை நரம்பின் நோய் என்னும் விளக்கமும் உடன் தரப்பட வேண்டும். அழுத்தம் இயல்பாக உள்ளது என்று கேட்டவுடன் நோயாளி மறுபரிசோதனையைக் கைவிடாமல் இருக்க அவ்விளக்கம் இன்றியமையாதது.