மூளைத் தூண்டல் சிகிச்சை

மூளையிலுள்ள நரம்பணுக்கள் மின்துடிப்புகளாலும் இரசாயனப் பொருள்களாலும் செய்தி பரிமாறிக் கொள்கின்றன. ஆகவே, வெளியிலிருந்து மின்விசையைச் செலுத்தி அவற்றின் செயலைச் சீராக்க இயலுமா என்ற வினா எழுந்தது இயல்பே. 1938-இல் ரோம் நகரில் செர்லெட்டி, பினி என்னும் இரு மருத்துவர்கள், உளநோயாளி ஒருவரின் தலையில் மின்சாரம் பாய்ச்சி வலிப்பை உண்டாக்கினர். மக்கள் இன்றும் அஞ்சுகின்ற ‘ஷாக்’ வைத்தியத்தின் தொடக்கம் அதுவே ஆகும்.

அவ்வச்சம் ஆதாரமற்றதன்று. மயக்க மருந்தின்றி இச்சிகிச்சை அளிக்கப்பட்ட காலத்தில், வலிப்பின் வேகத்தால் எலும்பு முறிந்ததுண்டு. இன்றோ, நோயாளி சில நிமிடங்கள் மயக்கத்தில் ஆழ்த்தப்படுகிறார்; தசைகள் மருந்தால் தளர்த்தப்படுகின்றன. நினைவாற்றல் குன்றுதல் என்னும் குறை முற்றிலும் நீங்கவில்லை. எனினும், கடுமையான மனச்சோர்வு நோய்க்கும், உண்ணாமலும் பேசாமலும் உறைந்துவிடும் நிலைக்கும் இத்துணை விரைவில் பயன் தரும் சிகிச்சைகள் மிகச் சிலவே.

மண்டையோடு மின்சாரத்தைத் தடுக்கும்; காந்தப் புலத்தைத் தடுப்பதில்லை. இவ்வுண்மையைப் பயன்படுத்தி, 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் பார்க்கர் குழுவினர், தலைமேல் வைத்த கம்பிச் சுருளின் வாயிலாக மூளையைத் தூண்டினர். இதற்கு மயக்க மருந்து வேண்டியதில்லை. 2008-இல் அமெரிக்க அரசு மனச்சோர்வு நோய்க்கு இம்முறையை அனுமதித்தது.

ஆழ்மூளைத் தூண்டலின் வரலாறு சுவையானது. நடுக்கத்தைப் போக்க மூளையின் ஒரு சிறு பகுதியை வெப்பத்தால் அழிப்பது பழைய வழக்கம். அழிப்பதற்கு முன், சரியான இடந்தானா என்று மின்துடிப்பால் சோதிப்பர். 1987-இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் பெனபிட் என்னும் அறுவை மருத்துவர், வேகமான துடிப்புகளாலேயே நடுக்கம் நிற்பதைக் கண்டார். அழிக்க வேண்டிய தேவையே இல்லாது போயிற்று! இன்று பார்க்கின்சன் நோயாளியின் மூளையில் மெல்லிய மின்முனைகளும், மார்புத் தோலின் அடியில் மின்கலமும் பொருத்தப்படுகின்றன. நோய் நீங்குவதில்லை, நடுக்கமும் விறைப்பும் தணிகின்றன. செலவோ பல இலட்சம் ரூபாய்.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்துமின்றி மின்வலிப்புச் சிகிச்சை அளிப்பதைத் தடை செய்தது. சிறுவர்க்கு அளிக்கவும் தடை உண்டு. காப்பாளரின் இசைவும் மனநல மறுஆய்வு வாரியத்தின் முன் அனுமதியும் இருந்தாலன்றி அத்தடை விலகாது. சட்டம் நன்று. ஆனால் மயக்கவியல் மருத்துவர் இல்லாத மருத்துவமனையில், அது பாதுகாப்பான சிகிச்சையைத் தருவதற்கு மாறாகச் சிகிச்சையையே இல்லாததாக்கிவிடக் கூடும். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, பல்வேறு உளக்கோளாறுகளில் 70 முதல் 92 சதவீதத்தினர் சிகிச்சை பெறவில்லை என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும்.

காந்தத் தூண்டலுக்கு மயக்கவியல் மருத்துவர் வேண்டியதில்லை என்பது உண்மையே. ஆயினும் வாரத்திற்கு ஐந்து நாள், நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை நோயாளி வந்தாக வேண்டும். தொலைவிலுள்ள சிற்றூரிலிருந்து வரும் கூலித் தொழிலாளிக்கு இது ஒரு மாதக் கூலியின் இழப்பு. உடன் வருபவரின் கூலியும் அதனுடன் போகும். மாவட்ட மருத்துவமனையில் கருவி வாங்கத் திட்டமிடுவோர், அவ்விருவரும் தங்குவதற்கான இடத்தையும் பயணச் செலவையும் அதே மதிப்பீட்டில் சேர்த்தல் வேண்டும்.