புளி இருக்க ஆசிட் எதற்கு?

மும்பை சால்களில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு 'மோரி' என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. பத்தடிக்குப் பத்தடி அறையில் ஒரு மூலை. குளிப்பதும் துணி துவைப்பதும் பாத்திரம் தேய்ப்பதும் அங்கேதான். மூன்றடி தள்ளி அடுப்பு. அதற்கு அப்பால் குழந்தைகள் படுக்கும் பாய்.

இந்த மூலையில் பாசியும் கறையும் படிந்துவிட்டால் பலரும் ஆசிட்டை ஊற்றித் தேய்க்கிறார்கள். சிலர் அதோடு நில்லாமல், நாற்றம் போகட்டும் என்று பிளீச்சிங் பவுடரையும் தூவிவிடுகிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

முதல் உலகப் போரில் 1915 ஏப்ரலில் ஜெர்மன் படையினர் எதிரிகள் மீது ஏவியது இதே வாயுவைத்தான். அவ்வளவு தூரம் போவானேன்? 2010 ஜூலையில் நமது சிவ்ரியில், துறைமுகத்துக்குச் சொந்தமான ஹாஜி பந்தரில் கேட்பாரற்றுக் கிடந்த பழைய சிலிண்டர் ஒன்றிலிருந்து குளோரின் கசிந்தது. மூச்சுத் திணறிய பலரை மருத்துவமனைகளில் சேர்க்க வேண்டியதாயிற்று. மோரியில் எழுவது அதில் மிகச் சிறு அளவே. ஆனால் குளோரின் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. தரையோடு தரையாகத் தங்கும். ஜன்னல் இல்லாத அறையில், தரையில் படுத்திருக்கும் குழந்தைக்குத்தான் ஆபத்து அதிகம்.

ஆசிட் வீச்சுக் கொடுமைகளை முன்னிட்டு 2013-ல் சுப்ரீம் கோர்ட் ஆசிட் விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தது. வாங்குபவர் விவரத்தைப் பதிவு செய்ய வேண்டும். 18 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது. என்றாலும், கக்கூஸ் கழுவும் திரவங்கள் பலவற்றிலும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது.

ஊரில் இருந்த சாதனங்கள்

இதற்கெல்லாம் மாற்று நம் வீட்டுச் சாமான் டப்பாக்களிலேயே இருக்கிறது. பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி போடுவது யாவரும் அறிந்ததே. புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் பித்தளை, செம்பு மேல் படியும் கறுப்பைக் கரைத்துவிடுகிறது. ரசத்துக்குக் கரைத்த பின் மிஞ்சும் புளிச் சக்கையே இதற்குப் போதும். ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்தால் வேகமாகப் பளிச்சிடும். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய வாணலிக்குச் சீயக்காய்த் தூளும் தேங்காய் நாரும் நல்லவை.

துணிக்கும் தரைக்கும் பூந்திக்கொட்டை. மாட்டுங்கா மார்க்கெட்டிலும் செம்பூரிலும் தமிழ்நாட்டுச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். மற்ற கடைகளில் 'ரீட்டா' என்று கேட்க வேண்டும். விதையை நீக்கிய தோல் 100 கிராம் எடுத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊற வைத்து, காலையில் இருபது நிமிடம் கொதிக்க விடவும். ஆறியதும் கையால் பிசைந்து, துணியில் வடிகட்டினால் நுரைக்கும் திரவம் தயார். அதிலுள்ள சபோனின் என்ற பொருள்தான் அழுக்கை எடுக்கிறது. மும்பை வெக்கையில் இது இரண்டு மூன்று நாளில் புளித்துவிடும். ஆகவே கொஞ்சமாகவே தயாரிக்க வேண்டும். கண்ணில் பட்டால் எரியும். மீன் தொட்டியில் பட்டால் மீன் செத்துவிடும். 'இயற்கை' என்பதாலேயே எதுவும் முற்றிலும் சாதுவாகிவிடாது.

இரண்டு சோடாக்கள்

கடையில் 'கானே கா சோடா' என்பது நம் ஆப்ப சோடா. 'தோனே கா சோடா' என்பது சலவைச் சோடா. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. சிங்க், ஸ்டவ், டீக்கறை படிந்த கோப்பை இவற்றுக்கு ஆப்ப சோடாவை ஈரத் துணியில் தொட்டுத் தேய்த்தால் கீறல் விழாது. பிசுக்கால் அடைபட்ட மோரிக் குழாய்க்கு, ஒரு பிடி சலவைச் சோடாவை ஒரு வாளி சுடு தண்ணீரில் கரைத்து ஊற்றலாம். பிளாஸ்டிக் குழாயானால் தண்ணீர் கொதிக்கக் கூடாது. சலவைச் சோடா கையை அரிக்கும்; அலுமினியப் பாத்திரத்தையும் கறுக்கச் செய்யும்.

குழாயில் படியும் வெள்ளைக் கறைக்கு எலுமிச்சை மூடி அல்லது வினிகர் நல்லது. ஆனால் மும்பை வீடுகள் பலவற்றில் சமையல் மேடை கடப்பாக்கல். அது சுண்ணாம்புக் கல் இனம். புளிப்பு பட்டால் அரித்து மங்கிவிடும். அங்கே சோடாவோ பூந்திக்கொட்டைத் தண்ணீரோதான் பொருத்தம். வினிகரையும் சோடாவையும் ஒன்றாய்க் கலந்து பொங்க விடுவது வேடிக்கைக்குத்தான் ஆகும். ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுத்துவிடும்.

எதற்குப் போதாது?

ஒரு விஷயத்தில் ஏமாறக் கூடாது. இவை அழுக்கை எடுக்குமே தவிர, நோய்க் கிருமிகளை ஒழிக்கும் என்று நம்பியிருக்க முடியாது. மழைக்காலத்தில் வீட்டில் வாந்தி பேதி கண்டால் பிளீச்சிங் பவுடர் தேவைதான். அதை வெறும் தண்ணீரில் மட்டும் கரைத்து, கதவைத் திறந்துவைத்துப் பயன்படுத்த வேண்டும். ஆசிட் மட்டுமல்ல, வினிகர், எலுமிச்சை, புளி எதுவும் அதோடு சேரக் கூடாது. அவையும் குளோரினைக் கிளப்பும். நெடி மூக்கில் ஏறினால் போட்டதைப் போட்டபடி விட்டு, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். இருமல் நிற்காவிட்டால் தாராவிவாசிகளுக்குச் சயான் மருத்துவமனை பக்கம்தான்.

கடைசியாக ஒன்று. எந்தத் திரவமானாலும் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். வேலை முடிந்து தாகத்தோடு வரும் ஆண்பிள்ளையும், பள்ளிவிட்டு ஓடிவரும் குழந்தையும் பாட்டிலைத்தான் பார்ப்பார்கள். உள்ளே இருப்பது என்னவென்று பார்க்க மாட்டார்கள். மேலே தமிழில் பெயர் எழுதி, எட்டாத உயரத்தில் வையுங்கள். ஒற்றை அறை வீட்டிலும் அதற்கு ஒரு பரண் இருக்கத்தான் செய்கிறது.