பண்குறியும் கணினி அச்சும்: மட்டாஞ்சேரி ஓதல் மரபை முன்வைத்து

1. சுருளும் நினைவும்

கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டப்பெற்றது பரதேசி யூதர் தொழுகைக்கூடம். யூத மரபுப்படி, தொழுகையில் ஓதப்பெறும் தோராச் சுருளில் எபிரேய எழுத்துகள் மட்டுமே எழுதப்பெறும். உயிர்க்குறியோ பண்குறியோ இடம்பெறா. எனினும் சுருளைப் பார்த்து ஓதுபவர் உரிய பண்ணோடு ஓதுதல் வேண்டும். ஆதலின், குறிகள் இடப்பெற்ற நூற்படியைக் கொண்டு முன்னரே பயின்று, அவற்றை நினைவில் இருத்தி ஓதுவர். 1948-க்குப் பின் கொச்சி யூதருள் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். நினைவைக் கைமாற்றும் சமூகம் ஓரிடத்தில் அருகும்பொழுது, அந்நினைவைக் குறியீட்டில் ஏற்றும் பணி இன்றியமையாததாகிறது. அப்பணியின் இயல்பை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. குறி சுட்டுவது யாது?

எபிரேயப் பண்குறிகள் மூன்று பணிகளை ஒருங்கே ஆற்றுகின்றன. சொல்லில் அழுத்தம் விழும் அசையைக் காட்டுதல் ஒன்று. சொற்கள் இணைவதையும் பிரிவதையும் காட்டுதல் மற்றொன்று. இசைத்தொடரைக் குறித்தல் மூன்றாவது. சான்றாக, ‘எத்னக்தா’ என்னும் குறி வசனத்தை இரு கூறாகப் பகுக்கும். எனவே, இக்குறிகளை நீக்கிப் படிக்கும் மொழிபெயர்ப்பாளர் தொடரமைப்புப் பற்றிய ஒரு பழஞ்சான்றையும் இழக்கிறார்.

இக்குறி தனிச் சுரம் எதனையும் சுட்டுவதில்லை என்பது நோக்கத்தக்கது. ஒரே குறியை வெவ்வேறு யூதச் சமூகத்தார் வெவ்வேறு இசையில் ஓதுவர். ஆகவே, ஒருவர் ஓதியதை ஐங்கோட்டு இசைத்தாளில் எழுதுதல் படியெடுத்தல் ஆகாது. பல பொருள்களுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் மொழிபெயர்ப்பே ஆகும்.

3. எட்டயபுரத்து முன்மாதிரி

தமிழகத்தில் இதற்கு ஒப்பான முயற்சி சுப்பராம தீட்சிதருடையது. 1904-இல் எட்டயபுரத்தில் தெலுங்கு எழுத்தில் அச்சேறிய ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் அவர் சுரவெழுத்துகளோடு கமகக் குறிகளையும் அமைத்தார். கம்பிதத்திற்கு அலைக்கோடு, ஏற்ற ஜாருவிற்கு ஏறும் சாய்கோடு, இறக்க ஜாருவிற்கு இறங்கும் சாய்கோடு எனச் சில குறிகள் ஒலியியக்கத்தைக் கண்ணுக்குக் காட்டுவன. வேறு சில, விளக்கம் கொண்டே அறியத்தக்க இடுகுறிகள். அவர் நூலின் முற்பகுதியில் குறிகளுக்கு விளக்கம் தந்தமையாலேயே பிற்காலத்தார் அவற்றைப் படிக்க இயன்றது. பின்னர்ச் சென்னை மியூசிக் அகாதெமி அந்நூலைத் தமிழ் எழுத்தில் வெளியிட்டது.

4. கணினியில் புதுக்குறி

கணினி இசையச்சில் புதுக்குறி ஒன்றை ஆக்குவதற்கு நான்கு படிகள் உள. முதலாவது வடிவம் வரைதல்: 2013-இல் அறிமுகமான ‘ஸ்மஃபுல்’ எழுத்துரு நெறி, ஐங்கோட்டின் முழு உயரத்தை எழுத்தளவு ஒன்றாகக் கொள்கிறது; இரு கோடுகளின் இடைவெளி அதில் நான்கில் ஒரு பங்கு. இரண்டாவது எண் வழங்கல்: அந்நெறி இசைக்குறிகளை ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் வைக்கிறது. மூன்றாவது இடம் குறித்தல்: குறி சுரத்தின் மேலோ கீழோ எப்புள்ளியில் பொருந்தும் என்பதை வரையறுத்தல். நான்காவது பொருள் வரையறை.

எபிரேயப் பண்குறிகள் 1996-இல் ஒருங்குறியின் இரண்டாம் பதிப்பில் பொது எண்களைப் பெற்றன. எவ்வெழுத்துருவில் திறப்பினும் அவற்றின் அடையாளம் மாறாது. தனிப்பயன் எண்ணோ, அனுப்புபவரும் பெறுபவரும் செய்துகொண்ட உடன்பாடு போன்றது. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அக்குறி வெற்றுக் கட்டமாகவோ தொடர்பற்ற வேறு வடிவமாகவோ தோன்றும்.

5. முடிவுரை

கொச்சி யூதப் பெண்டிர் பாடிய மலையாளப் பாடல்கள் கையெழுத்து ஏடுகளில் மலையாள எழுத்தில் எழுதப்பெற்றவை. அவற்றில் சொற்கள் உண்டு, இசைக்குறிகள் இல்லை. ஒலிப்பதிவைக் கேட்டு எழுதும் ஆய்வாளர் ஓர் அசைவிற்குப் புதுக்குறி படைக்குமுன், முன்பே வழக்கிலுள்ள குறி போதுமா எனத் தேர்தல் வேண்டும். போதாதாயின், வடிவத்தோடு பெயரும், பொருளும், ஒலிச்சான்றும் சேர்த்துப் பதிதல் வேண்டும். விளக்கமற்ற குறி அடுத்த தலைமுறைக்கு வெறும் கோடாகவே எஞ்சும். எழுத்துரு மாறினும் விளக்கம் நிற்குமாயின், குறியை மீண்டும் வரைந்துகொள்ளலாம். விளக்கம் அழியுமாயின், எவ்வளவு செம்மையான வடிவமும் பயன்படாது.