தாளும் கத்தியும் – 9: ஐந்து தாளில் பாரதி

போன வாரம் பார்த்த நிழலுருவக் கலைஞர் ஒகுஸ்ட் எடுவார் கறுப்புத் தாளை இரண்டாக மடித்துத்தான் கத்தரிப்பார். ஒரு பிரதி வந்தவருக்கு, இன்னொன்று தன் ஆல்பத்துக்கு. 1849இல் அவருடைய சேகரிப்போடு வந்த கப்பல் கெர்ன்சி தீவருகே உடைந்து, ஆல்பங்களில் பெரும்பகுதி கடலோடு போயிற்று. மிஞ்சியவற்றைப் பார்த்தால் பெரும்பாலும் பக்கவாட்டு முகங்கள். ஒரே கறுப்பில் நேர்முகத்தை வெட்டினால் மூக்கு எங்கே போகும்?

நேர்முகத்துக்குப் பல நிறத் தாள்களின் அடுக்கு வேண்டும். பாரதியை எடுத்துக்கொள்வோம். தலைப்பாகை, மீசை, இரண்டு கண்; டி-ஷர்ட்டிலும் சுவரிலும் இவ்வளவே போதும், யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் அந்தக் கறுப்பு வெள்ளைப் பாரதிக்கு வயதே கிடையாது. 38 வயதில் இறந்த மனிதரின் ஒட்டிய கன்னம், கண்ணுக்குக் கீழே உள்ள களைப்பு எல்லாம் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவிலுள்ள மூன்று நிறங்களில்தான் இருக்கின்றன. எனவே ஓவியம் வேண்டாம், புகைப்படத்தை எடுங்கள்.

கணினியில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, முதலில் கொஞ்சம் மங்கலாக்குங்கள். இதை விட்டால் பழைய படத்தின் புள்ளியெல்லாம் வெட்டவேண்டிய ஓட்டையாக வந்து நிற்கும். பிறகு ‘போஸ்டரைஸ்’ செய்து ஐந்து நிறமாகக் குறையுங்கள். அரிசி மணியைவிடச் சிறிய திட்டு எதுவானாலும் அழித்துவிடுங்கள், தயவு தாட்சண்யம் வேண்டாம்.

தாள் 160 முதல் 200 ஜிஎஸ்எம். வெள்ளை, சந்தனம், டீ, காபி, கறுப்பு என்று ஒரே குடும்பத்து நிறங்கள். நான் கறுப்பை அடியில் வெட்டாமல் முழுசாக வைத்து, மேலே போகப் போக வெளிறவிடுவேன். மேல் தாள்களின் ஓட்டை வழியாகத்தான் கறுப்பு தெரியும். தாள்களுக்கு நடுவே ஃபோம் டேப் வைத்தால் கண் நிஜமாகவே குழியாகி, அதற்குள் நிஜமான நிழல் விழும்.

தலைப்பாகையில் ஒரு வேடிக்கை உண்டு. பின்னணியும் வெள்ளை, அதுவும் வெள்ளை. விளிம்பை வெட்டவே வேண்டாம். துணி மடிப்பின் நிழல்களை மட்டும் கீற்றுக் கீற்றாக எடுங்கள்; மிச்சத்தைப் பார்ப்பவர் கண்ணே போட்டுக்கொள்ளும்.

அச்செடுத்த தாளை நிறத்தாள்மேல் மாஸ்கிங் டேப்பால் ஒட்டி, இரண்டையும் சேர்த்து வெட்டுங்கள். நுணுக்கமான கண், மீசை நுனி முதலில். பெரிய ஓட்டை கடைசியில். பெரியதை முதலில் எடுத்தால் தாள் தொய்ந்து, கத்தியோடு சேர்ந்து இழுபடும். வளைவில் கத்தியைத் திருப்பாதீர்கள், தாளைத் திருப்புங்கள். விளிம்பில் நார் எழுந்தால் பிளேடு மழுங்கிவிட்டது என்று அர்த்தம், மாற்றிவிடுங்கள். கஞ்சத்தனத்துக்கு இது இடமல்ல.

கருவிழியில் ஒளிரும் வெள்ளைப் புள்ளி எந்தத் தாளோடும் ஒட்டியிராது. அதைத் தனியாக நறுக்கி, பல்குச்சி நுனியில் பசை தொட்டு வைக்கவேண்டும். இம்மி நகர்ந்தாலும் பாரதி உங்களை விட்டுவிட்டுப் பக்கத்து ஆளைப் பார்ப்பார்.

அடுக்கும்போது தாள்கள் பிசகாமலிருக்க, வெட்டுவதற்கு முன்பே ஐந்து தாளிலும் நான்கு மூலைகளில் ஒரே இடத்தில் குண்டூசித் துளை போட்டுவிடுங்கள். ஒட்டி முடித்ததும் அந்த ஓரத்தை நறுக்கிவிடலாம். படத்தைச் சுவரில் மாட்டுவதானால், புகைப்படத்தில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறதோ, அறை விளக்கும் அந்தப் பக்கம் இருக்கட்டும்.

அடுத்த வாரம் தாளில் வெட்டும் மதுராவின் சாஞ்சிக் கலைஞர்களிடம் போவோம். அவர்கள் கையிலிருப்பது கத்தியல்ல, அதற்கென்றே செய்த கத்தரிக்கோல்.