இரவல் வாங்கக்கூடாத மாத்திரை

நம் பகுதியில் இரத்த அழுத்தம் ஒன்றும் ரகசிய நோய் அல்ல. ராயபுரத்திலும் காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் அன்பியக் கூட்டம் முடிந்து தேநீர் வரும்வரை நாம் பேசிக்கொள்வதில் அதற்கும் இடமுண்டு. யாருக்கு எவ்வளவு ஏறியிருந்தது, ஸ்டான்லி மருத்துவமனையில் என்ன எழுதிக் கொடுத்தார்கள், எந்த மாத்திரை நன்றாகக் கேட்கிறது என்றெல்லாம் பேசுகிறோம். நடுவே, "உனக்கும் பிரஷர்தானேக்கா, இதுல பத்து இருக்கு, வாரக் கடைசி வரைக்கும் போட்டுக்க" என்று ஓர் அட்டை கைமாறுவதும் உண்டு. அன்பினால் செய்வதுதான். ஆனால் அந்த அட்டையில் இருப்பது பீட்டா பிளாக்கர் என்னும் வகையைச் சேர்ந்த மாத்திரையாக இருந்தால், வாங்கிக்கொண்டவருக்கு அது ஆபத்தாக முடியலாம்.

'பிரஷர் மாத்திரை' என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும் அவற்றில் பல வகைகள் உண்டு. பீட்டா பிளாக்கரைப் பெயரின் வால் பார்த்தே பெரும்பாலும் கண்டுகொள்ளலாம். அட்டெனோலால், மெட்டோப்ரோலால், ப்ரோப்ரனோலால், பிசோப்ரோலால், கார்வெடிலால் என எல்லாம் 'லால்' என்றே முடியும். அச்சமோ கோபமோ கடும் உழைப்போ வரும்போது நம் உடலில் அட்ரினலின் சுரக்கிறது. அது இதயத்தில் உள்ள 'பீட்டா' என்னும் வாயில்களைத் தட்டி, வேகமாக அடி என்கிறது. இம்மாத்திரை அந்த வாயில்களை அடைத்துவிடுகிறது. துடிப்பு நிதானமாகிறது, அழுத்தம் இறங்குகிறது. ஸ்காட்லாந்து நாட்டவரான ஜேம்ஸ் பிளாக் 1960களில் ப்ரோப்ரனோலாலை உருவாக்கினார். 1988இல் அவருக்கு மருத்துவத்திற்கான நோபல் பரிசு கிடைத்தது.

அதே பீட்டா வாயில்கள் மூச்சுக் குழாய்களிலும் இருக்கின்றன என்பதுதான் சிக்கல். அங்கே அட்ரினலின் தட்டினால் குழாய் விரிந்து காற்று தாராளமாகப் போகும். ஆஸ்துமாக்காரர் உறிஞ்சும் சால்பியூட்டமால் செய்யும் வேலையும் அதுவே. (அதன் வால் 'மால்', 'லால்' அல்ல, குழம்ப வேண்டாம்.) ஒரு மருந்து திறக்கும் கதவை இன்னொன்று மூடுகிறது. எனவே ஆஸ்துமா உள்ளவர் அண்டை வீட்டாரிடம் வாங்கிப் போட்ட ஒரு மாத்திரையால் மூச்சுத்திணறி, உறிஞ்சும் மருந்தும் சரியாகக் கேட்காமல் தவிக்க நேரலாம். அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்றவை பெரும்பாலும் இதயத்தையே குறிவைப்பவை. ஆனாலும் அளவு கூடும்போது அந்த வேறுபாடு மங்கிவிடும்.

மணலியின் புகைபோக்கிகளுக்கும் எண்ணூரின் அனல்மின் நிலையங்களுக்கும் அருகில் குடியிருக்கும் நமக்கு இது ஏட்டுப் பாடம் அல்ல. 2023 டிசம்பர் 26 இரவு, எண்ணூர் பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலைக்கு வரும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, மக்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் வீட்டைவிட்டு ஓடினார்கள். நம்மில் பலர் இளைப்பை நோய் என்றே எண்ணுவதில்லை. "பனிக்காலத்துல கொஞ்சம் இழுக்கும்" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். இரத்த அழுத்தத்திற்கு மருந்து எழுதும் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது அந்த 'கொஞ்சம் இழுக்கும்' என்பதைத்தான். புறநோயாளர் பிரிவின் நெரிசலில் அவர் கேட்க மறந்தாலும் நாமே சொல்லிவிட வேண்டும்.

இரத்த அழுத்தம் மட்டுமே உள்ள ஒருவருக்கு இன்று பல மருத்துவர்கள் முதலில் எழுதுவது இந்த வகையை அல்ல. 2002இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் அட்டெனோலாலும் லோசார்ட்டானும் அழுத்தத்தை ஏறக்குறைய ஒரே அளவில் குறைத்தன. ஆனால் லோசார்ட்டான் எடுத்தவர்களுக்குப் பக்கவாதம் குறைவாக வந்தது. 2006இல் இங்கிலாந்தின் வழிகாட்டு நெறிகள் பீட்டா பிளாக்கரை முதல் வரிசையிலிருந்து இறக்கின. மாரடைப்பு வந்தவர்கள், இதயம் பலவீனமானவர்கள், படபடப்பாகத் துடிப்பு ஓடுபவர்கள் ஆகியோருக்கோ இது உயிர்காக்கும் மருந்தாகவே இருக்கிறது. ஆகவே, "ஐயா, இது பிரஷருக்கா, இதயத்துக்கா?" என்று பணிவோடு கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறில்லை.

'அடைப்பு' என்ற சொல்லும் நம்மைக் குழப்புகிறது. இரத்தக் குழாயில் கொழுப்பு அடைப்பது வேறு. மருத்துவர்கள் 'ஹார்ட் பிளாக்' என்பது வேறு. பின்னது இதயத்துக்குள் ஓடும் மின்சாரம் தடைபடுவது. முதலாவதற்கு பீட்டா பிளாக்கர் பெரும்பாலும் உதவும். இரண்டாவதில் ஏற்கெனவே மெதுவாக இருக்கும் துடிப்பை இன்னும் மெதுவாக்கி மயக்கத்தில் தள்ளிவிடலாம். இ.சி.ஜி. எடுத்துவிட்டு எழுதுவதன் காரணம் இதுதான். வெராபமில், டில்டியாசம் போன்ற மாத்திரைகள் எடுப்பவர்களும் அதைச் சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்தால் இதயம் மிகவும் தளர்ந்துவிடக்கூடும். மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து ஒரு முழு நிமிடம் நாடியை எண்ண வீட்டில் ஒருவராவது பழகிக்கொள்வது நல்லது. 50க்குக் கீழே போனாலோ தலைசுற்றினாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு தனிச் செய்தி உண்டு. இன்சுலின் போடுபவருக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கினால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். அதுதான் உடல் அடிக்கும் மணி. பீட்டா பிளாக்கர் அந்த மணியின் நாக்கைக் கட்டிவிடுகிறது. வியர்வை மட்டும் வரும். தவக்காலத்தில் ஒருவேளை உணவைத் தவிர்ப்போர், காரணமின்றி வியர்த்தால் வெயில் என்று இருந்துவிடாமல் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். நோயுற்றோரைத் திருச்சபை நோன்பிற்குக் கட்டாயப்படுத்துவதில்லை என்பதையும் இங்கே நினைவூட்டுகிறோம்.

இனி, நிறுத்துவது பற்றி. இம்மாத்திரையைத் தொடங்குவதைவிட நிறுத்துவதில்தான் கூடுதல் கவனம் வேண்டும். வாயில்கள் நாள்தோறும் அடைபட்டிருப்பதால் உடல் புதிய வாயில்களை உண்டாக்கி வைத்திருக்கும். ஒரே நாளில் மருந்தை விட்டால், அட்ரினலின் அத்தனை வாயில்களையும் ஒருசேரத் தட்டும். அழுத்தம் எகிறலாம், இதய நோயாளிக்கு நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட வரலாம். 1970களிலேயே மருத்துவர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். விட வேண்டுமானால், ஒன்று இரண்டு வாரங்களில் படிப்படியாக, மருத்துவர் சொல்லும் அளவில்தான் குறைக்க வேண்டும். மேலே ஆஸ்துமா பற்றி வாசித்துவிட்டுப் பயந்து இன்றிரவே நிறுத்திவிடவும் கூடாது. ஒருவேளை தவறினால், அடுத்த வேளை இரண்டாகப் போடக்கூடாது.

குணமளிக்கும் வழிபாட்டில் கலந்துகொண்டு, சாட்சி சொன்ன கையோடு மாத்திரையைத் தூக்கிப் போடுபவர்களும் நம்மிடையே உண்டு. சீராக் ஞானநூலின் 38ஆம் அதிகாரம் நோயாளியை மன்றாடவும் சொல்கிறது, மருத்துவருக்கு இடம் கொடுக்கவும் சொல்கிறது. ஒன்றைச் செய்து மற்றதை விடுவது விசுவாசம் ஆகாது. வேளாங்கண்ணிக்கு நடந்து செல்வோர், ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குப் போய்ச் சேரும் ஆர்வத்தில் மாத்திரையை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். போகவர ஆகும் நாள்களைக் கணக்கிட்டு, அதற்கு மேல் ஒரு வாரத்திற்கும் சேர்த்து எடுத்துச் செல்ல வேண்டும். காசிமேட்டிலிருந்து பல நாள் தங்கலுக்குக் கடலுக்குப் போகும் நம் சகோதரர்களுக்கும் இதேதான். நனையாத டப்பாவில், ஐஸ் பெட்டியிலும் இன்ஜின் சூட்டிலும் படாமல் வைத்துக்கொள்ளட்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரைகள் வீடு தேடியே வந்தன. வரும் மாத்திரையை வாங்கி வைப்பதோடு, மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது மருத்துவரைப் பார்க்கவும் வேண்டும்.

கருவுற்ற பெண்கள் அட்டெனோலால் எடுத்துக்கொண்டிருந்தால் முதல் பரிசோதனையிலேயே சொல்ல வேண்டும். அது குழந்தையின் வளர்ச்சியைக் குறைக்கக்கூடும். அவர்களுக்கு லபெட்டலால் போன்ற வேறு மருந்து உண்டு.

கண்ணில் நீர் அழுத்த நோய்க்கு முதியவர்கள் விடும் டைமோலால் சொட்டு மருந்தைப் பலரும் கவனிப்பதில்லை. அதற்கும் வால் 'லால்' தான். ஒரு சொட்டுதானே என்று தோன்றும். ஆனால் அது கண்ணிலிருந்து மூக்கு வழியாக இரத்தத்தில் கலந்து, மூச்சையும் நாடியையும் தொடக்கூடியது. மருத்துவமனைக்குப் போகும்போது அந்தப் புட்டியையும் மாத்திரை அட்டைகளோடு ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்வோம்.